ஈச்சமரத்து மேட்டில் கரி பஸ்ஸை மறித்த சங்கதி

1944ம் வருஷம் மார்ச்சு மாதம் 9ந் தேதி வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, சித்தூரில் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில், போலீஸ் வான் டிரைவர் ஏசுரத்தினம் வேதப்புத்தகத்தின் மேல் பிரமாணம் செய்து தானாக முன்வந்து சொன்னது, சொன்னபடி எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயர் ஏசுரத்தினம். தகப்பனார் பெயர் ஜெபதாஸ், காலமாகிவிட்டார். எனக்கு வயது முப்பத்தொன்பது. புராட்டஸ்டண்டு கிறிஸ்தவன். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் மிஷன் கோயிலுக்குப் பின்புறம் உள்ள வரிசை வீடுகளில் மூன்றாவது வீட்டில் மனைவி கிருபாபாயுடன் குடியிருக்கிறேன். ஒன்றேகால் வருஷமாகப் போலீஸில் வான் ஓட்டுகிறேன். எனக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆகையால் தமிழில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

இந்தக் கேஸில் பிப்ரவரி 12ந் தேதி சாயந்திரமே என்னிடம் ஒரு வாக்குமூலம் வாங்கப்பட்டது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. கரி பஸ் போலீஸைக் கண்டு நிற்காமல் தப்பியோடியது, கண்மண் தெரியாத வேகத்தில் போய்த் தானே கவிழ்ந்தது என்று அதில் இருக்கிறது. அது நிஜமல்ல. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவுமில்லை, யாரும் ஆசை காட்டவுமில்லை.

போலீஸில் சேருவதற்கு முன்னால் சித்தூர் திருப்பதி ரோட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் எங்கள் முதலாளி பஸ்ஸின் பின்புறம் பீப்பாய் போன்ற கரி அடுப்பை மாட்டினார். அதற்கு மேல் ஒன்றரை வருஷம் கரி காஸில்தான் ஓட்டினேன். அந்த வண்டியின் சுபாவத்தைக் கோர்ட்டார் தெரிந்துகொண்டால்தான் நான் சொல்வது விளங்கும். கரி பஸ் சமதரையில் சாதுவாகப் போகும். மேடு வந்தால் உயிர் போகும். மேட்டுக்கு முன்னால் நல்ல ஓட்டமாக வந்து, அந்த ஓட்டத்திலேயே ஏறிவிட வேண்டும். அடிவாரத்தில் நிறுத்தினால் காஸ் செத்துப்போகும். அப்புறம் கண்டக்டர் இறங்கிக் காற்றாடிச் சக்கரத்தைக் கால் மணி நேரம் சுற்றி அடுப்பை எழுப்ப வேண்டும், பிரயாணிகள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். நடு ஏற்றத்தில் நின்றுவிட்டாலோ அதைவிடக் கஷ்டம், பிரேக்கையே நம்பியிருக்க வேண்டும். கரி பஸ்களின் பிரேக் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அந்த ரோட்டில் போய்வந்த எல்லோருக்கும் தெரியும்.

பூதலப்பட்டு தாண்டியதும் வரும் ஏற்றத்தை மோட்டார்காரர்கள் ஈச்சமரத்து மேடு என்பார்கள். அதன் அடியில் எவர் கை காட்டினாலும் கரி பஸ்காரன் நிற்க மாட்டான். கை காட்டுகிறவர்கள் மனம் நோகாமல் இருக்க எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கண்டக்டர் பின் ஏணியில் நின்றுகொண்டு சாம்பல் துடைக்கும் துணியை இரண்டு தரம் ஆட்டுவான். மேலே போய் நிற்கிறேன், வந்து ஏறிக்கொள் என்று அதற்கு அர்த்தம். உச்சியில் குட்டையருகே எல்லா பஸ்ஸும் நின்று, சாம்பலைக் கொட்டி, கரி போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் புறப்படும். அந்த இடத்தில் ஒரு பாரம் சாம்பல் குவிந்து கிடக்கும், இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

என் காலத்தில் அந்த ரோட்டில் ஆள் எண்ணிக்கை பார்க்க ரங்கையா என்ற ஹெட் கான்ஸ்டபிள் வருவார். அவர் அடியில் நிற்கவே மாட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உச்சிக்குப் போய்க் குட்டைக்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பஸ் தானாக வந்து அவர் எதிரில் நிற்கும். கரி போடுகிற நேரத்தில் தலைகளை எண்ணி, அதிகம் ஏற்றியிருந்தால் இறக்கிவிட்டு, டிரைவர் பெயரையும் எழுதிக்கொள்வார். ஒரு பஸ்ஸையும் அவர் துரத்தி நான் பார்த்ததில்லை. போன வருஷம் அவர் பென்ஷனில் போய்விட்டார்.

அதன் பிறகு ஜனவரி மாதத்தில் வேறு ரோட்டில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய பஸ் ஒன்று சாய்ந்து பதினோரு பேருக்குக் கை கால் ஒடிந்தது. அதனால் திருப்பதி ரோட்டிலும் கண்டிப்பாகச் சோதனை போட வேண்டும் என்று உத்தரவாகி, சப் இன்ஸ்பெக்டர் வேதாச்சலம் அவர்களை அதற்குப் போட்டார்கள். அவர் வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், இந்த ரோட்டுக்குப் புதிது. கை நீட்டி வாங்குகிறவர் அல்ல. ஜனங்கள் சாகக்கூடாது என்றுதான் அவர் ரோட்டில் நின்றார். அதை நான் எங்கேயும் சொல்வேன்.

சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பு வேறொரு பஸ்ஸை அவர் பிடித்தபோது, அந்த டிரைவர் எனக்குத் தெரிந்தவன் என்பதால் அவனுக்காக ஒரு வார்த்தை சொன்னேன். சப் இன்ஸ்பெக்டர் எல்லா கான்ஸ்டபிள்கள் எதிரிலும், "நீ காக்கி போட்டுக்கினு பஸ்காரனுக்கு வக்காலத்து வாங்கறியா? அப்ப சட்டைய கயட்டிட்டு அங்கியே போ" என்றார். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அன்று முதல் பஸ்காரர்களைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்துவிட்டேன். பெரிய வைராக்கியம். அதில்தான் ஒரு உயிர் போயிற்று.

பிப்ரவரி 12ந் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சப் இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள், நான் ஆக நான்கு பேர் வானில் புறப்பட்டோம். ஈச்சமரத்து மேட்டின் அடியில் நிழல் இருந்ததால் அங்கே வண்டியைப் போடச் சொன்னார். போடுவதற்கு முன்னால், "இங்க நிக்கலாமாய்யா, தோதா இருக்குமா?" என்று என்னைத்தான் கேட்டார். உச்சியில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். "நிக்கலாங்க" என்று சொல்லிவிட்டு இஞ்சினை அணைத்தேன்.

அதன் பிறகு ஒன்பதரை மணி சுமாருக்குச் சித்தூரிலிருந்து கரி பஸ் வந்தது. தூரத்தில் வரும்போதே அது செங்கல்வராயன் ஓட்டும் பஸ் என்று இஞ்சின் சத்தத்தைக் கொண்டு தெரிந்துகொண்டேன். செங்கல்வராயன் என்பவர் இந்தக் கேஸில் குற்றம் சாட்டப்பட்டிருக்கிற எதிரி. நகரிப் பக்கத்துக்காரர், வயது முப்பது இருக்கும். நான் பஸ்ஸை விட்டபோது அந்த வண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் அவர்தான். சனிக்கிழமை ஆனதால் திருப்பதிக்குப் போகிற கூட்டம் ஜாஸ்தி. இருபத்திரண்டு பேர் ஏற வேண்டிய வண்டியில் முப்பத்தைந்து பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அவ்வளவு பேரை ஏற்றியது தப்புதான். அதை நான் மறைக்கவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் ரோட்டின் மத்தியில் நின்று கை காட்டினார். பஸ் அவருக்கு ஒதுங்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. பின் ஏணியில் கண்டக்டர் பாலையா நின்றுகொண்டு துணியை இரண்டு தரம் ஆட்டினார். சப் இன்ஸ்பெக்டர் முகம் சிவந்து வண்டிக்கு ஓடிவந்தார். என்னைப் பார்த்து, "துணிய ஆட்டிக் காட்டிக்கினு போறானே, அது இன்னாய்யா?" என்றார். "தெரியலீங்க ஐயா" என்று சொன்னேன்.

தெரியாது என்று நான் சொன்னதைக் கோர்ட்டார் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். அந்தத் துணியை ஒன்றரை வருஷம் என் வண்டியின் பின்னாலும் இதே பாலையாதான் ஆட்டினார்.

அதற்கு மேல் சப் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறிக்கொண்டு, "தொரத்து, வுடாத" என்றார். நான் கிளப்பினேன். இதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷம் கரிப் புகையோடு மல்லுக்கட்டிய கால் என்னுடையது. பெட்ரோல் இஞ்சின் மிதித்ததும் சிட்டாகப் பறந்தபோது உள்ளுக்குள் குஷியாக இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அது தப்பியோடியது என்று எழுதியிருக்கிறது. அந்த மேட்டில் கரி பஸ்ஸோடு கூட ஒரு ஆள் பேசிக்கொண்டே நடந்து போகலாம். நம்பர் எங்களுக்குத் தெரியும், டிரைவரைத் தெரியும், முதலாளி வீடு தெரியும். அந்தப் பஸ்ஸுக்கு இருப்பது ஒரே ரோடு, அன்று சாயந்திரம் அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

மாஜிஸ்திரேட் அவர்கள் கேட்டதற்குச் சொல்வது: நிற்காத வண்டியைத் துரத்த வேண்டும் என்று எழுத்து மூலமான உத்தரவு எதையும் நான் பார்த்ததில்லை. துரத்தக்கூடாது என்ற உத்தரவையும் பார்த்ததில்லை. நிறுத்தச் சொல்ல அதிகாரம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். நிற்காவிட்டால் என்ன செய்வது என்பதை வண்டியில் இருக்கிறவர் அந்த நிமிஷத்தில் தீர்மானிப்பார். ஓட்டுகிறவன் செய்வான்.

பஸ்ஸின் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போனோம். பாலையா ஏணியிலிருந்தபடி மேலே மேலே என்று கையால் உச்சியைக் காட்டினார். சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை, வாயசைவு தெரிந்தது. பின் சன்னலோரம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பெண்ணின் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டார். அந்த அம்மாள்தான் பொன்னியம்மா. பிற்பாடு தெரிந்தது.

நடு ஏற்றத்தில் சின்ன மதகு இருக்கிறது. அங்கே ரோடு குறுகும். மதகுக்கு முன்னால் சப் இன்ஸ்பெக்டர் என் தோளில் தட்டி, "முன்னால போய் குறுக்க போடு" என்றார். மேட்டில் கரி பஸ்ஸை மறித்தால் என்ன ஆகும் என்று அந்த வண்டியில் இருந்த நான்கு பேரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வேண்டாங்க ஐயா என்ற ஒரு வார்த்தை போதும். கான்ஸ்டபிள்கள் பின்னால் இருந்தார்கள். மறுபடி சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மதகு கடந்ததும் பஸ்ஸைத் தாண்டிப் போய் வானைக் குறுக்கே போட்டேன்.

செங்கல்வராயன் பிரேக் போட்டார். போடாவிட்டால் எங்கள் மேல் ஏறியிருப்பார். இஞ்சின் இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது. ஒரு மூச்சு நேரம் பஸ் அப்படியே நின்றது. கண்ணாடி வழியாக அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. கோபம் இல்லை. என்னைப் பார்த்து, ஏன் அண்ணா என்பது போலப் பார்த்தார். அதன் பிறகு பஸ் பின்னால் போக ஆரம்பித்தது. அவர் கைப் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு ஏறக்குறைய எழுந்து நின்றதைப் பார்த்தேன். பாலையா ஏணியிலிருந்து குதித்து, சக்கரத்துக்கு அடை கொடுக்கும் கட்டையைப் பின் சக்கரத்தில் போட்டார். முப்பத்தைந்து பேர் பாரத்துக்குக் கட்டை நிற்கவில்லை, தெறித்து அவர் காலில் அடித்தது. பஸ் பின்புறமாகப் போய் மதகின் கைப்பிடிச் சுவரில் மோதி, இடது பக்கமாக ஓடைக்குள் சாய்ந்தது. கரி அடுப்பு பெயர்ந்து பின் சன்னல் பக்கம் விழுந்தது.

நாங்கள் நான்கு பேரும் ஓடினோம். சப் இன்ஸ்பெக்டர் முதல் ஆளாக ஓடைக்குள் இறங்கினார். அவர் கையில் இன்னும் சுட்ட தழும்பு இருக்கிறது. ஒவ்வொருவராக இழுத்தோம். பொன்னியம்மா அடுப்புக்கு அடியில் இருந்தார். அவரை எடுக்கும்போது உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டார். குட்டை உச்சியில் இருந்ததால் ஒரு கான்ஸ்டபிள் ஓடிப்போய்த் தொப்பியில் மொண்டுகொண்டு வந்தார். வருவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் அவர் மகள் யசோதா. அவளுக்குத் தோள் பிசகியிருந்தது, வேறு காயமில்லை. மற்றும் ஆறு பேருக்கு ரத்தக் காயம்.

அன்று சாயந்திரம் வாக்குமூலம் எழுதினார்கள். சப் இன்ஸ்பெக்டர் சுட்ட கையில் கட்டோடு உட்கார்ந்து சொன்னார், ஸ்டேஷன் ரைட்டர் எழுதினார். பஸ் தப்பியோடியது என்றுதான் அவர் மனப்பூர்வமாக நினைத்தார். நினைக்காமல் என்ன செய்வார், துணிக்கு அர்த்தம் அவருக்கு யார் சொன்னார்கள்? ஆனால் மறித்ததை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "இதானய்யா நடந்தது?" என்று என் பக்கம் காகிதத்தைத் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் இராப்போஜனம். பாதிரி ஐயர் என் வரிசைக்கு அப்பத்தட்டைக் கொண்டுவரும்போது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கிருபாபாய் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன்.

செங்கல்வராயனை ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். ஜெயிலிலிருந்து கோர்ட்டுக்குக் கைதிகளை ஏற்றிப்போகும் வேலையும் என்னுடையது. ஆகையால் அவரைக் கையில் விலங்கோடு மூன்று தரம் நானே ஏற்றிக்கொண்டு வந்தேன். மூன்றாம் தரம், போன திங்கட்கிழமை, கோர்ட்டுக்கு வரும் வழியில் சின்ன ஏற்றத்தில் நான் யோசனையாக இருந்துவிட்டேன். வண்டி தடுமாறியது. பின்னாலிருந்து கம்பி வழியாக அவர், "கியர மாத்துண்ணா, வண்டி திணறுது பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் மாற்றினேன்.

அன்றைக்கே கோர்ட்டு வராண்டாவில் யசோதாவைப் பார்த்தேன். கங்காதர நெல்லூர்ப் பக்கத்துப் பெண், கூலி வேலைக்குப் போகிறவர்கள். போன வருஷம் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக, பொன்னியம்மா திருப்பதியில் தன் தலைமுடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு அன்றைக்குப் புறப்பட்டிருக்கிறார். தாய் செத்த வருஷம் மலை ஏறக்கூடாதாம், வேண்டுதல் அப்படியே நின்றுபோயிருக்கிறது. இதையெல்லாம் அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்க, நான் தூண் பக்கத்தில் நின்று கேட்டேன். அவள் என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு கிட்டே வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். சத்தம் போடவில்லை. தெரியாத சங்கதியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் போல, "இன்னாத்துக்கு ஐயா எங்க வண்டி பின்னாலயே வந்தீங்கோ? நாங்க எங்க ஓடிடப்போறோம்? திருப்பதிக்குத்தான போய்க்கினு இருந்தோம்" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்குப் போய்விட்டேன். அன்றிரவு கிருபாபாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? சொல்ற எடத்துல போய் சொல்லுங்க" என்றாள். அதன் பிறகு இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்று வந்தேன். யோசிக்க இரண்டு நாள் ஆனதற்கும் வெட்கப்படுகிறேன்.

கேட்டதற்குச் சொல்வது: சப் இன்ஸ்பெக்டர் மேல் எனக்கு விரோதம் இல்லை. மறிக்கச் சொன்னவர் அவர், அது வாஸ்தவம். அவர் தெரியாமல் சொன்னார், நான் தெரிந்து செய்தேன்.

கேட்டதற்குச் சொல்வது: இப்படிச் சொல்வதால் என் வேலை போகும், என் பேரிலும் கேஸ் வரலாம் என்று மாஜிஸ்திரேட் அவர்கள் எடுத்துச் சொன்னார். விளங்குகிறது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதற்கு செங்கல்வராயனுக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுக்கட்டும். பொன்னியம்மாவைச் சாகடித்தார் என்று அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம். அவர் எங்களைக் கண்டு ஓடவில்லை. மேலே நிற்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அது எனக்குப் புரிந்தது.

யசோதாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் இன்று சொன்னதை யாராவது அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் கேட்டதற்கு வராண்டாவில் நான் சொல்லாமல் போன பதில் இதுதான்: நீங்கள் எங்கேயும் ஓடவில்லை அம்மா, எனக்குத் தெரியும், தெரிந்துதான் பின்னால் வந்தேன்.

மேலே கண்டது முழுவதும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை, அத்தனையும் உண்மை. பிப்ரவரி 12ந் தேதி வாக்குமூலத்தின் கீழும் இதே கையெழுத்துத்தான் இருக்கிறது. அதை வைத்து இதைத் தள்ளிவிடாதிருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ஜெ. ஏசுரத்தினம்